அலையின் உறுப்புகளும் இயல்புகளும்

அலை என்னும் சொல்லைக் கேட்டவுடன் எவருடைய மனக்கண் முன்னும் கடலே வந்து நிற்கும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் போர்ட் டிக்சன் கடலாக இருக்கும். ஆயினும் அலை கடலுக்கு மட்டும் உரியதன்று. கோவில் மணியின் ஓசை காதுக்கு எட்டுவதும், கதிரவன் ஒளி பால்மரக் காட்டினுள் புகுந்து தரையில் விழுவதும், வானொலிப் பெட்டி பாடுவதும், சுமத்திராவில் நிலம் நடுங்கினால் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்கள் அசைவதும் அலைகளின் செயல்களே. இவை தம்முள் வேறுபட்டவை. எனினும் இவற்றை அளந்தறிய வேண்டிய சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. அச்சொற்களும் ஏழெட்டுக்கு மேல் இல்லை.

அவற்றைக் கற்பதன் பயன் யாது? ஒரு வினாவை முன்வைத்து அதனைக் காணலாம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், மலேசிய நேரப்படி காலை ஏறக்குறைய 9 மணிக்கு, சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை, நடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையை இரண்டரை மணி நேரத்தில் அடைந்தது. அதே இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தொலைவிலுள்ள பினாங்கிலோ பிற்பகல் ஒரு மணியளவில், அஃதாவது ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே, அது கரையேறியது. தொலைவிலுள்ள ஊருக்கு முன்னதாகவும் அருகிலுள்ள ஊருக்குப் பின்னதாகவும் ஒரே அலை சென்றது எவ்வாறு? விடை அலையின் இயல்பிலேயே இருக்கிறது.

அலை செல்கிறது, பொருள் செல்வதில்லை

தோட்டத்துக் குட்டையில் ஒரு கல்லைப் போட்டால் வட்ட வட்டமாக அலைகள் பரவிக் கரையை அடைகின்றன. நீரின்மேல் ஒரு காய்ந்த இலை மிதக்குமானால் அது அலையோடு கரைக்கு வருவதில்லை. அலை வரும்போது உயர்கிறது, சிறிது முன்னே சாய்கிறது, பின்னர்த் தாழ்ந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது. கல் விழுந்த இடத்திலுள்ள நீர் கரைக்கு வரவில்லை. கல் கொடுத்த ஆற்றலே வந்து சேர்ந்தது. ஒரு துளி தன் அடுத்த துளியை அசைக்க, அது தனக்கு அடுத்ததை அசைக்க, அசைவு மட்டும் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. இதுவே அலை.

இவ்வாறு அசைவைத் தாங்கிச் செல்லும் பொருளுக்கு ஊடகம் என்று பெயர். குட்டை அலைக்கு நீரும், பேச்சொலிக்குக் காற்றும் ஊடகங்கள். ஒளியும் வானொலி அலையும் மின்காந்த அலைகள் எனப்படும். அவற்றுக்கு ஊடகம் வேண்டுவதில்லை. வெற்றிடத்திலும் அவை செல்லும். அதனாற்றான் கதிரவன் ஒளி நம்மை அடைகிறது. கதிரவனில் எழும் ஓசை எதுவும் அடைவதில்லை.

அலையின் உறுப்புகள்

அலை எழாத போது நீர்ப்பரப்பு இருக்கும் மட்டத்தைச் சமநிலை மட்டம் என்பர். அதற்கு மேலே அலை உயர்ந்து நிற்கும் உச்சி முகடு. கீழே தாழ்ந்து நிற்கும் பள்ளம் அகடு. சமநிலை மட்டத்திலிருந்து முகடு வரையிலோ அகடு வரையிலோ உள்ள அளவு வீச்சு எனப்படும். அகட்டிலிருந்து முகடு வரையுள்ள முழு உயரத்தையே வீச்சு என்று மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு. அது தவறு, முழு உயரம் வீச்சைப் போல் இரு மடங்கு. அலை சுமந்து செல்லும் ஆற்றல் வீச்சைப் பொறுத்தது. வீச்சு இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஒரு முகட்டுக்கும் அதற்கு அடுத்த முகட்டுக்கும் இடையேயுள்ள தொலைவு அலைநீளம். ஒரு முகடு ஓரிடத்தைக் கடந்தபின் அடுத்த முகடு அதே இடத்துக்கு வருவதற்கு ஆகும் நேரம் அலைவு நேரம். ஒரு விநாடியில் எத்தனை முழு அலைகள் கடக்கின்றன என்னும் எண்ணிக்கை அதிர்வெண். அதிர்வெண்ணை அளக்கும் அலகுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதைச் சோதனையால் மெய்ப்பித்த ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயரே அது.

போர்ட் டிக்சன் கரையோரத்தில் நீரில் நட்டிருக்கும் ஒரு கம்பத்தை ஒருவர் கையில் கடிகாரத்துடன் கவனிக்கிறார் என்க. ஒரு நிமிடத்தில் 15 முகடுகள் கம்பத்தைக் கடக்கின்றன. ஆகவே அலைவு நேரம் 4 விநாடி. அதிர்வெண் விநாடிக்குக் கால் பங்கு, அஃதாவது 0.25 ஹெர்ட்ஸ். முகட்டுக்கு முகடு 16 மீட்டர் இருக்குமாயின், 4 விநாடியில் அலை 16 மீட்டர் செல்கிறது. எனவே அதன் வேகம் விநாடிக்கு 4 மீட்டர். அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம் கிடைக்கும் என்பதே இதிலிருந்து பெறப்படும் விதி. குட்டை அலை முதல் விண்மீன் ஒளி வரை எல்லா அலைகளும் இவ்விதிக்கு உட்பட்டவை.

குறுக்கலையும் நெட்டலையும்

ஒரு கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து மேலும் கீழும் உதறினால், அலை மரத்தை நோக்கிச் செல்கிறது. கயிறோ மேலும் கீழும் அசைகிறது. செல்லும் திசைக்குக் குறுக்கே அசைவதால் இது குறுக்கலை. ஒளியும் இவ்வகையினதே.

கிம்மாஸ் இரயில் நிலையத்தில் இரண்டு இருப்புப் பாதைகள் கூடுகின்றன. அங்கே நிற்கும் சரக்கு வண்டித் தொடரின் ஒரு கோடியில் எஞ்சின் வந்து முட்டினால், அந்த முட்டல் பெட்டிக்குப் பெட்டி தாவி மறுகோடியை அடையும். ஒவ்வொரு பெட்டியும் சிறிதே முன்னும் பின்னும் அசையும். அசைவும் அலையும் ஒரே திசையில் அமைவதால் இது நெட்டலை. ஒலி காற்றில் செல்வது இவ்வாறுதான். இங்கே முகடும் அகடும் இல்லை. காற்று நெருங்கிய இடமும் நெகிழ்ந்த இடமும் மாறி மாறி வருகின்றன. ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கம் வரையுள்ள தொலைவே ஒலியின் அலைநீளம்.

நிலநடுக்கம் இவ்விரு வகை அலைகளையும் பூமிக்குள் அனுப்புகிறது. நெட்டலை விரைந்து முதலில் வந்து சேரும். குறுக்கலை பின்தங்கி வரும். இரண்டுக்கும் இடையேயுள்ள நேரத்தைக் கொண்டு நடுக்கம் எவ்வளவு தொலைவில் நேர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

வேகத்தை முடிவு செய்வது எது?

அலையைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் இதுவே தலையாயது. விநாடிக்கு எத்தனை முறை அசைவது என்பதை முடிவு செய்வது அலையை எழுப்பும் பொருள். எவ்வளவு விரைவாகச் செல்வது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஊடகம். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் அலைநீளம் தானாகவே அமைந்துவிடும்.

தோட்டத்துக் கோவில் திருவிழாவில் சாமி ஊர்வலம் தொலைவில் வரும்போது நாதசுரத்தின் உயர்ந்த ஓசையும் தவிலின் தாழ்ந்த ஓசையும் ஒன்றாகவே காதை வந்தடைகின்றன. அதிர்வெண் மிகுந்த ஓசை முந்தியும் குறைந்த ஓசை பிந்தியும் வருமாயின் இசை என்று ஒன்று இருக்க முடியாது. உரக்க அடித்தாலும் மெல்ல அடித்தாலும் வேகம் மாறுவதில்லை. வலிந்து அடிப்பதால் பெருகுவது வீச்சு. அதனால் ஓசை உரத்துக் கேட்கும், அவ்வளவே.

ஊடகம் மாறினால் வேகம் மாறும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டரும், எஃகுத் தண்டவாளத்தில் 5,000 மீட்டருக்கு மேலும் செல்கிறது. மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை விநாடிகளை எண்ணி, அவ்வெண்ணை மூன்றால் வகுத்தால், இடி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வதால் அது வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுவதில்லை.

தப்பு அடிப்பவர்கள் வாசிப்பதற்கு முன் அதனை நெருப்பில் காட்டுவதை யாவரும் கண்டிருப்பர். சூட்டினால் தோல் காய்ந்து இறுகுகிறது. இறுகிய தோலில் அலை விரைந்து ஓடும். தோலின் அகலம் மாறாதிருக்க அலை மட்டும் விரைவதால், விநாடிக்கு உண்டாகும் அதிர்வுகள் மிகுகின்றன. ஓசை உயர்ந்து கணீரென்று எழுகிறது. பௌதிக நூல் சொல்லும் விதியை நம் கலைஞர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

வானொலிக்கும் இதே கணக்குத்தான். கோலாலம்பூர் வட்டாரத்தில் மின்னல் பண்பலை 96.3 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அஃதாவது விநாடிக்கு 9 கோடியே 63 இலட்சம் அதிர்வுகள். ஒளியின் வேகத்தை இவ்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 3.1 மீட்டர் என்று கிடைக்கிறது.

ஆழிப்பேரலையின் கணக்கு

காற்றினால் எழும் சாதாரணக் கடலலை நீரின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கிறது. அலைநீளத்தில் பாதி அளவு ஆழத்துக்குக் கீழே அசைவு ஏறக்குறைய இல்லை. ஆழிப்பேரலையின் நிலை வேறு. அங்கே கடலடித் தரையே எழும்பித் தாழ்ந்து, மேலிருக்கும் நீர் முழுவதையும் அசைக்கிறது. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனோடு ஒப்பிட்டால் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஒரு தட்டில் ஊற்றிய நீரைப் போன்றதே. ஆகவே அதன் வேகம் கடலின் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைக்கும்.

ஆழம் 4,000 மீட்டராயின் வேகம் விநாடிக்கு 198 மீட்டர், அஃதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் 50 மீட்டராயின் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 10 மீட்டராயின் 36 கிலோமீட்டர்.

முன்வைத்த வினாவுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் செல்லும் வழி, கரையை நெருங்கும் வரை, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள வங்காள விரிகுடா. பினாங்குக்குச் செல்லும் வழியின் பிற்பகுதியோ மலாக்கா நீரிணையின் ஆழம் குறைந்த நீர். அந்த நீரிணை தெற்கே வர வர இன்னும் ஆழம் குறைந்து, போர்ட் டிக்சனை அடுத்த பகுதிகளில் பல இடங்களில் 30 மீட்டரளவே இருக்கிறது. நிலநடுக்கத்தின் பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதால், சென்னைக்குரிய தொலைவு ஓரளவு குறைந்தது உண்மையே. அதனைக் கழித்துப் பார்த்தாலும் சென்னைக்கே வழி நெடிது; ஆயினும் அலை அங்கேதான் முந்தியது.

ஆழம் குறையக் குறைய அலைக்கு வேறு என்ன நேர்கிறது? அலைவு நேரம் அரை மணி என்க. 4,000 மீட்டர் ஆழத்தில் அலைநீளம் ஏறக்குறைய 356 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் அது 18 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. அலைவு நேரம் மட்டும் மாறுவதில்லை. அது பிறப்பிடத்தில் அமைந்தது. முன்பகுதி தளர்ந்து செல்ல, பின்பகுதி விரைந்து வந்து நெருக்க, முன்பு நீண்டு பரந்து கிடந்த ஆற்றல் குறுகிய இடத்தில் திரண்டு வீச்சைப் பெருக்குகிறது. அன்று நடுக்கம் நேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பின் வங்காள விரிகுடாவைக் கடந்த ஜேசன் - 1 என்னும் செயற்கைக்கோள், ஆழ்கடலில் அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவே என்று அளந்தது. நடுக்கடலில் கப்பலில் இருந்தவர் உணராத அந்த முழ உயரமே கரையில் பனைமர உயரத்துக்குச் சில இடங்களில் எழுந்தது.

முன் வருவது முகடா, அகடா?

கடலடித் தரை ஒரே சீராக எழும்பவில்லை. மேற்குப் பக்கம் உயர்ந்தது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே மேற்கே தமிழ்நாட்டையும் இலங்கையையும் நோக்கிச் சென்ற அலையில் முகடு முன் சென்றது. கிழக்கே தாய்லாந்தை நோக்கி வந்த அலையில் அகடு முன் வந்தது. அகடு முதலில் கரையை அடைந்தால் கடல் பின்வாங்கும். அதுவரை கண்டிராத தரை வெளியே தெரியும். மீன்கள் மணலில் துள்ளும். அதனை வேடிக்கை பார்க்கச் சென்றவர் பலர் திரும்பவில்லை.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைக்காவ் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து விந்தையாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்தது அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோரை வற்புறுத்தினாள். கடற்கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர். ஏறக்குறைய நூறு பேர் உயிர் தப்பினர். அந்தப் பாடம் அவளுக்குத் தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றுத் தந்திருக்கும் என்று கேட்பார் இன்று எவருமில்லை.

திரும்புதலும் வளைதலும்

அலை தடையில் மோதினால் திரும்பும். எதிரொலி அதற்குச் சான்று. ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மெதுவாகவும் செல்ல நேர்ந்தால் திசை மாறும். போர்ட் டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தஞ்சோங் துவான் போன்ற முனைகளைச் சுற்றி ஆழம் குறைந்திருப்பதால், அலைகள் முனையை நோக்கியே வளைந்து குவிகின்றன. தடையின் ஓரத்தைக் கடந்த அலை அதன் மறைவிலும் பரவும். சுவருக்கு அப்பால் நிற்பவர் பேசுவது கேட்பது இதனால்தான். இலங்கையின் மறைவில் இருந்த கேரளக் கரையிலும் ஆழிப்பேரலை உயிர்களைப் பலி கொண்டது. சுமத்திராவின் வடகோடியைச் சுற்றிக்கொண்டு பினாங்கை அடைந்ததும் இவ்வியல்பினாலேயே. தீவு மறைத்து நிற்கிறது என்பதனால் மட்டும் ஒரு கரைக்குக் காவல் உண்டு என்று சொல்ல முடியாது. நீரிணையில் தெற்கே செல்லச் செல்ல அலை தளர்ந்தது என்பதே உண்மை.

கிடைத்த நேரம்

பூமிக்குள் செல்லும் நெட்டலை விநாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே அன்று நிலநடுக்கத்தின் செய்தி சில நிமிடங்களிலேயே நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை எட்டிவிட்டது. நீரில் வந்த அலையோ மணிக்கணக்கில் நடந்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள காலமே மக்களுக்கு இயற்கை தந்த தவணை. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அது இரண்டரை மணி. பினாங்குக்கு நான்கு மணி. அத்தவணையைப் பயன்படுத்தி எச்சரிக்கும் அமைப்பு அப்போது பசிபிக் கடலுக்கு இருந்தது. இந்துமாக் கடலுக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பினாங்கினர். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நடுக்கத்தை உணர்ந்த அதே ஊரில், நண்பகலில் குடும்பங்கள் கடற்கரையில் இருந்தன.

இப்போது அந்தக் குறை பெரிதும் நீங்கியிருக்கிறது. இந்துமாக் கடல் நாடுகள் கூடி எச்சரிக்கை அமைப்பை நிறுவியுள்ளன. இந்தியாவின் நிலையம் 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் தன் எச்சரிக்கை நிலையத்தை நடத்துகிறது. ஆயினும் கருவி தரும் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு நடக்க வேண்டியவர் கரையில் நிற்பவரே.

அவர் மனத்தில் இருத்த வேண்டியவை மூன்று. கடற்கரையில் நிலம் வலுவாகவோ நெடுநேரமோ ஆடினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டை நோக்கிச் செல்லல் வேண்டும். கடல் திடீரெனப் பின்வாங்கினால், அது அகடு. முகடு பின்னால் வருகிறது. முதல் அலை வந்து வடிந்துவிட்டால், அதனோடு ஆபத்து முடிந்ததாகக் கருதி இறங்கலாகாது. அலைவு நேரம் அரை மணி என்றால், அடுத்த முகடு அரை மணி கழித்து வரும். அது முதலாவதை விடப் பெரிதாகவும் இருக்கக்கூடும். முதல் அலையில் தப்பிப் பிழைத்து, வீட்டுப் பொருளை எடுக்கத் திரும்பியவர்களை இரண்டாம் அலை கொண்டு சென்ற செய்திகள் உண்டு. அலைவு நேரம் என்பது கரும்பலகையில் ஒரு வரியில் எழுதி முடித்துவிடும் சொல்தான். அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லி வைப்பது பெற்றோர், ஆசிரியர் ஆகிய இருசாராரின் கடமையாகும்.